பினாங்கு நாற்காலியின் மடி

என் மச்சான் காயாரோகணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது உப்பாற்றுப் படித்துறையில். அவர் ஓடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் பினாங்கு நாற்காலி நின்றுகொண்டிருந்தது. ஓடக்காரர் சவரிமுத்து, தண்ணீர் ஏற்றத்தில் இருக்கிறது, நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிட்டு, மொட்டையடித்த தலையும் இடப்பக்கம் சாய்ந்த கூன் முதுகுமாக, ஒரு கையை நாற்காலியின் தலைச்சட்டத்தில் வைத்தபடி, தென்கரை சேரும்வரை நின்றே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தார். அந்தப் பதினான்கு வருடத்தில், ஒரு வருடம் போக மற்றதெல்லாம், அவர் எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார், எந்த மாதம் இளைத்தார், எந்த நாள் இருமினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அவர் என் மனைவி அஞ்சம்மாளின் அண்ணன். அவர்களுடைய அப்பா அமிர்தலிங்கம் பினாங்கில் ஒரு சீன மரவியாபாரியிடம் இருபத்தாறு வருடம் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, அந்த முதலாளி தன் வீட்டு முன்கட்டில் கிடந்த இரண்டு நாற்காலிகளைக் கோணி சுற்றிக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அவை வந்து இறங்கிய நாளில் நான்கு பேர் தூக்கியும் மூச்சு வாங்கியது என்று சொல்வார்கள். மரம் அத்தனை கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் ஜாதி, கருஞ்சிவப்பு, வெயில் பட்டால் லேசாக ஏலக்காய் மணம் அடிக்கும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. கட்டைக்குள் கட்டை புகுந்து பூட்டியிருக்கும், பூட்டிய இடத்தில் நகக்கண் நுழையாது. பின்னங்கால்கள் இருக்கையோடு நின்றுவிடாமல் அதைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி அவையே முதுகுத் தூண்களாகும், முன்னங்கால்கள் அதேபோல் ஏறிக் கைகளைத் தாங்கும். தலைச்சட்டத்தின் இரு முனைகளும் தூண்களைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும். பழைய காலத்துச் சீன அதிகாரிகளின் தொப்பிக்கு இருபுறமும் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருக்கும் என்று மாமனார் சொல்வார், ஊர்க்காரர்கள் அதை மாட்டுக்கொம்பு என்பார்கள். நடுவே ஒரே ஒரு பலகை, பக்கத்திலிருந்து பார்த்தால் மனிதனின் முதுகெலும்பு மாதிரி வளைந்தது, அதன் மேற்பகுதியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு மிருகம். மாமனாருக்கு அது டிராகன், ஊருக்கு அது நாய்.

கால்களைச் சேர்க்கும் சட்டங்கள் நான்கும் ஒரே மட்டத்தில் இல்லை. முன்சட்டம் தரைக்கு நான்கு விரல் மேலே, பக்கச் சட்டங்கள் அதைவிட உயரம், பின்சட்டம் இன்னும் உயரம். உட்காருகிறவனின் வாழ்வு படிப்படியாக ஏறவேண்டும் என்று அப்படி வைப்பார்களாம். இருக்கை உயரமாக இருப்பதால் உட்கார்ந்தவன் பாதம் தரையைத் தொடாது, முன்சட்டத்தின் மேல்தான் வைக்கவேண்டும். இருக்கை பிரம்புப் பின்னல். சாய்ந்து தூங்குவதற்கு அதில் வழியில்லை, முதுகை நிமிர்த்தித்தான் உட்காரமுடியும். இரண்டு நாற்காலிகளின் முதுகுகளும் ஒரே பலகையைப் பிளந்து செய்தவை. பக்கம் பக்கமாக வைத்தால் ஒன்றில் இடப்பக்கம் ஓடும் வரி மற்றதில் வலப்பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோல் ஓடும். பிற்பாடு நடந்தவற்றுக்குக் காரணம் கேட்டு வந்தவர்களுக்கு நாங்கள் காட்டியது இந்த வரியைத்தான், அதைப் பார்த்த பிறகு யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

மாமனார் இறந்து பதினாறாம் நாள் கருமாதி. எங்கள் பக்கத்தில், இறந்தவர் உட்கார்ந்த இடத்தை அதுவரை காலியாக விட்டுவைத்து, மகனுக்குத் தலைக்கட்டுக் கட்டியதும் அவனை அழைத்துவந்து அதில் உட்காரவைப்பார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். உப்பளத்தில் எடைபோடும் வேலை, முந்தின நாள் முழுதும் வெயிலில் நின்ற கால். கூடத்தில் இரண்டு நாற்காலிகள், அச்சில் வார்த்தது போல இரண்டும் ஒன்று. ஒன்று மாமனாருடையது, மற்றது வந்தவருக்கு. நான் ஒன்றில் உட்கார்ந்து முன்சட்டத்தின் மேல் காலைத் தூக்கி வைத்தேன். மாமனாருடைய நாற்காலியில் அந்த முன்சட்டம் இருபது வருடம் அவர் பாதம் பட்டு நடுவில் ஓர் அரை விரல் தேய்ந்து வழுக்கலாக இருக்கும், அதைக்கொண்டுதான் வீட்டார் அடையாளம் பார்ப்பார்கள். அது தெரியாதவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். பாதத்துக்கு அடியில் அந்தப் பள்ளம் தட்டுப்பட்டபோதுகூட, வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

மச்சான் ஈரவேட்டியோடும் புதுத் தலைக்கட்டோடும் உள்ளே வந்தார். சிறுவயதில் பனையிலிருந்து விழுந்து முதுகு ஒருக்களித்துக் கூனிப்போனவர், அந்த முதுகைப் பற்றி எங்கள் ஊரில் குடிகாரன்கூடப் பேசமாட்டான். கூடம் முழுக்க ஜனம். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அப்பா சாம்பல் இன்னும் ஆறல மாப்பிள்ள. அதுக்குள்ள அவரு நாற்காலியில காலத் தூக்கி வெச்சிட்டீங்க."

நான் எழுந்திருந்தால் முடிந்திருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இரண்டு சொல் போதும். ஆனால் அத்தனை பேர் பார்க்கிறார்கள், நான் அந்த வீட்டுக்கு ஒரு வருட மாப்பிள்ளை.

"இதுல உட்கார முதுகெலும்பு வேணும் மச்சான்" என்றேன்.

சமையற்கட்டில் யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. மச்சான் தலைக்கட்டை அவிழ்த்து மடித்து அஞ்சம்மாள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். மறுநாளே அப்பன் வீட்டைப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, தென்கரையில் தன் மனைவி ஊருக்குக் கிளம்பினார். போகும்போது பெரியவர்கள் நாற்காலியைப் பற்றிக் கேட்டார்கள். ஜோடியைப் பிரிக்கக்கூடாது, இரண்டையும் நீங்களே கொண்டுபோங்கள் என்றும் சொன்னார்கள். அவர் வந்தவர் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டார். அப்பா நாற்காலியில் மாப்பிள்ளை கால் வைத்துவிட்டார், அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார். இப்படித்தான் முன்சட்டம் தேய்ந்த நாற்காலி என் வீட்டுக்கு வந்தது.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் இருக்கை தானாக அமுங்கியது. யாரோ மெதுவாக உட்கார்ந்தால் பிரம்பு எப்படி முனகிக்கொண்டு இறங்குமோ அப்படி இறங்கி, இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து நின்றது. காப்பியோடு வந்த அஞ்சம்மாள் அதைப் பார்த்துவிட்டு, மழை வருகிறது என்று சொல்வதுபோல, "அண்ணன் உட்காந்திருக்காரு" என்றாள். சவரிமுத்துவிடம் விசாரித்ததில், ஆமாம், ஆறு மணிக்குத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், எழுந்தபோது மணி ஏழு என்றார். ஏழு மணிக்குத்தான் எங்கள் இருக்கையும் மேலே வந்தது. நான் உட்கார்ந்தால் அங்கே அமுங்கியது என்பதையும் அவரே அக்கரையிலிருந்து செய்தியாகக் கொண்டுவந்தார்.

எடையும் சூடும் மட்டும்தான் ஆற்றைக் கடந்தன. குரல் கடக்கவில்லை, வாசனை கடக்கவில்லை. ஊர் முதல் வாரம் வந்து பார்த்தது. இரண்டாம் வாரம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து பிரம்புக்குக் கீழே தடியை விட்டுத் துழாவினார், கோயில் குருக்கள் வந்து விளக்கு ஏற்றலாமா என்று யோசித்துவிட்டு, உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு விளக்கு என்று திரும்பிப் போனார். மூன்றாம் வாரம் பெரியவர்கள் கூடிப் பேசி, மாமன் மச்சான் சண்டையில் நாலு பேர் நுழைவது வழக்கம், நாற்காலி நுழைந்ததில் மட்டும் என்ன அதிசயம், இது குடும்ப விஷயம் என்று முடிவு சொன்னார்கள். அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்பப் பழகிக்கொண்டது. உப்பளத்துப் பெண்கள் நாற்காலி அமுங்கியதா என்று கேட்டுத்தான் அடுப்பு மூட்டப் போனார்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே "மச்சான் இருக்காரா?" என்று கேட்டு, இருந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவரைப் பற்றிக் குறை பேச வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார்கள். தென்கரை வரை போக முடியாதவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு ஆறு மணிக்கு வந்து, அமுங்கிய இருக்கைக்கு முன்னால் நின்று, குடும்பத்தோடு வந்துவிடவேண்டும் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்குக் கேட்டிருக்காது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் சொல்லவில்லை என்று பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது.

கொல்லைப்பக்கம் போகாதவன் நான் ஒருவன்தான். பிரம்பு அமுங்கியிருக்கும்போது அதன் எதிரே பாய் போட்டு உட்கார்ந்து அவரைத் திட்டுவேன். என் தொழில் எடை, கண்ணாலேயே மூட்டையின் எடை சொல்வேன். உப்பை அளந்து இருக்கையில் வைத்து வைத்து, பிரம்பு எத்தனை இறங்கினால் எத்தனை கிலோ என்று பழகிக்கொண்டேன். மச்சான் ஐம்பத்து நான்கு கிலோ. விரதம் இருந்தால் ஒன்று குறையும், தீபாவளிக்கு இரண்டு கூடும்.

சண்டையை ஆரம்பித்தவன் நான். ஆறு மணிக்குச் சற்று முன்னால் இரண்டு உப்பு மூட்டைகளை ஏற்றி வைத்தேன். அவர் உட்கார வந்தபோது அவருடைய இருக்கையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குன்று இருந்தது, ஏறி உட்கார்ந்து சரிந்தார் என்று சவரிமுத்து சொன்னார். ஒரு வாரம் கழித்து நான் காலையில் உட்கார்ந்தபோது தொடைக்கு அடியில் ஏதோ கூர்மையாகக் குத்த, துள்ளி எழுந்தேன். தேங்காய் உரிக்கும் கடப்பாரையைப் படுக்கவைத்திருந்தார் என்று தெரியவந்தது. பிறகு அவர் அம்மிக்கல், நான் உரல். அவர் கருவேலமுள், நான் சிப்பி ஓடு. இரண்டு கரையிலும் ஆட்கள் கட்சி பிரிந்தார்கள், ஓடத்தில் ஏறுகிறவர்கள் எந்தக் கட்சி என்று பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அஞ்சம்மாள் கல்லையும் முள்ளையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இருக்கையைத் துடைப்பாள், நான் மறுபடி வைப்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. தாங்கமுடியாமல் போனது வேறு. ஒருநாள் அவசரத்தில் பாராமல் உட்கார்ந்துவிட்டேன். பிரம்பு பட வேண்டிய இடத்தில் இரண்டு முழங்கால்கள் பட்டன. எலும்பும் தோலுமாக, சூடாக, ஒரு மடி. முதுகுக்குப் பின்னால் பலகைக்கு முன்பாக ஒரு நெஞ்சு. அது குலுங்கியது, சிரிக்கிறார். முதலில் உட்கார்ந்தவன் மடி கீழே, பின்னால் வந்தவன் அந்த மடியின் மேல் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மறுநாள் சவரிமுத்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மாப்பிள்ளை நேத்து மடியில ஏறி உட்காந்தாரு, பால் குடுக்கத்தான் இல்லாம போச்சுன்னு அக்கரையில பேசிக்கிறாங்க."

உப்பளத்திலும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கையால் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை. அவரும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டேன். முந்துகிறவனுக்கே நாற்காலி. ஒருவன் இருந்தால் மற்றவன் நின்றான். ஆறு வருடம் இப்படி நடந்தது, பிறகு இருவருக்கும் அலுத்துப்போய்க் காலை எனக்கு மாலை அவருக்கு என்று, ஒரு வார்த்தை பேசாமலே, நேரம் பிரிந்தது. பகை பிரியவில்லை.

எட்டாம் வருடம் சிந்தாமணி பிறந்தாள். காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும் என்பதை நான் எழுதித் தெரியவேண்டியதில்லை. ஒரு வயதில் அஞ்சம்மாள் கேட்டாள், நான் அவரை அழைக்கமுடியாது என்றேன். மூன்று வயதில் கேட்டாள். உன் பெரியப்பா மகன் திருவாரூரில் இருக்கிறான், அவனும் மாமன் முறைதானே, அவன் மடியில் வைக்கலாம் என்றேன். அவள் முறத்திலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தபடி, கூடப்பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது பெரியப்பா மகன் மடியில் என் பிள்ளையை வைக்கமாட்டேன் என்று மெதுவாகச் சொன்னாள். ஐந்து வயதில் அவள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிந்தாமணியை மூளி, மூளி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவள் காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். ஏன் எனக்கு மட்டும் மாமா இல்லை என்று ஒருநாள் சோற்றுக்கு முன்னால் கேட்டாள். இருக்கிறார் என்றாள் அம்மா. எங்கே என்றாள் குழந்தை. அஞ்சம்மாள் நாற்காலியைக் காட்டினாள். குழந்தைக்கு அது போதுமாக இருந்தது, சோற்றைத் தின்றாள்.

தை மாதம் மூன்றாம் வெள்ளி என்று காது குத்தும் பத்தருக்குச் சொல்லியாகிவிட்டது என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். அந்த நேரத்தில் நாற்காலியில் உட்காருங்கள், அது போதும், ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று அண்ணனுக்கு அவள் சவரிமுத்துவிடம் சொல்லியனுப்பியிருந்தாள். சவரிமுத்து பதில் கொண்டுவந்ததைக் கொல்லையில் நின்று கேட்டேன். கேட்டதும் அண்ணன் வேட்டியை வெளுக்கப் போட்டாராம்.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்தி, கைகளை நாற்காலியின் கைகளின் மேல் வைத்து, பாதங்களை அந்தத் தேய்ந்த பள்ளத்தில் வைத்து உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் போவதில்லை என்பது அஞ்சம்மாளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவள் என்னைச் சுற்றிக் கோலம் போட்டாள். என் காலுக்கு முன்னால் குத்துவிளக்கு வைத்தாள். காப்பி கொண்டுவரவில்லை. சொந்தக்காரர்கள் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பளத்து ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவள் சித்தி ஒருத்தி மட்டும், பெற்ற பிள்ளைக்கே மாமன் மடியை மறிக்கிற அப்பனை இந்த ஆறு பார்த்ததில்லை என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். நான் அசையவில்லை. பத்தர் கனகசபை பொன்கம்பியையும் ஊசியையும் வெற்றிலையின் மேல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாயிற்று. ஒன்பதரையாயிற்று. அவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். உட்காரும் முன்னால் தடவுவார், நான் இருப்பது தெரியும். என் மடியில், தென்கரை மொத்தமும் பார்க்க, வெளுத்த வேட்டியோடு அவர் ஏறி உட்காருவதா. அந்தச் சிரிப்பை அவர்தான் ஆரம்பித்தார், அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஐந்து வயதுக் குழந்தை பட்டுப்பாவாடையில், வேர்த்த கழுத்தோடு, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

பத்து மணி தாண்டி என் முழங்கால்களின் மேல் இரண்டு உள்ளங்கைகள் பட்டன. தடவின. என் முழங்காலின் சில்லைச் சுற்றி விரல்கள் போயின. பிறகு கையை எடுத்துவிட்டார். கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எத்தனை நேரம் என்று நான் எண்ணவில்லை, ஆனால் குத்துவிளக்கில் திரி ஒருமுறை தாழ்ந்து எரிந்தது ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு அவர் உட்கார்ந்தார். முதலில் ஒரு தொடை, பிறகு மறுதொடை, பிறகு என் நெஞ்சின் மேல் அந்தச் சாய்ந்த முதுகு, கூனின் முடிச்சு சரியாக என் மார்க்குழியில். என் உடம்பு பழக்கத்தில் எடை பார்த்தது. நாற்பத்தொரு கிலோ. ஐம்பத்து நான்கு கிலோ ஆள். சாயங்காலங்களில் நான் வீட்டில் இருப்பதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது, அதனால் தெரியவில்லை. நாற்பத்தொரு கிலோ என்றால் என்ன என்று உப்பு நிறுக்கிறவனுக்கும் தெரியும்.

எழுந்திருந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. அன்பினால் தாங்கிக்கொண்டேன் என்று எழுதினால் பொய். பிடிவாதம்தான்.

"வந்துட்டாரா?" என்று அஞ்சம்மாள் கேட்டாள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிந்தாமணியைத் தூக்கினாள், என் தொடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், உட்காரவைத்துக் கையை எடுத்தாள். குழந்தை உட்கார்ந்தது. பாவாடை காற்றில் வட்டமாக விரிந்து நின்றது, கால்கள் ஆடின, இடுப்பைச் சுற்றிப் பட்டு இரண்டு கை அகலத்துக்கு அமுங்கியது. கூடத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள், அவ்வளவுதான். இடம் உயரமாகிவிட்டதே என்று பத்தர் ஒரு முக்காலி கேட்டார்.

"மாமா மடி குத்துது" என்றாள் சிந்தாமணி.

"எலும்புதான் தாயி, உட்காரு" என்றாள் அவள் அம்மா.

வலது காது சுலபமாக முடிந்தது. இடது காதுக்குப் பத்தர் ஊசியை வைத்த நேரத்தில் என் மேல் இருந்த முதுகு குலுங்கத் தொடங்கியது. முன்பு ஒருமுறை சிரித்துக் குலுங்கியதை அறிந்தவன்தான் நான், ஆனாலும் இது சிரிப்பா, இருமலா, அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. குழந்தையும் சேர்ந்து ஆடினாள். பத்தர் கை ஒரு கணம் நழுவியது. பிறகு ரத்தம் ஒரு சொட்டு, கம்பி ஏறிவிட்டது, எல்லோரும் குரவையிட்டார்கள்.

அக்கரையில் நடந்ததைச் சவரிமுத்து மறுநாள் சொன்னார். ஒன்பது மணியிலிருந்து மச்சான் நாற்காலிக்கு முன்னால் நின்றாராம். தெருவே கூடியிருந்ததாம். குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்றாராம். விட்டுவிடுங்கள், மானம் போகும் என்று அவர் மனைவி கையைப் பிடித்தாராம். அவர் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"மாப்பிள்ள முதுகெலும்போடதான் உட்காந்திருக்காரு."

அப்படிச் சொல்லிவிட்டு, இருக்கைக்கு ஒரு சாண் மேலே ஏறி, தெரு முழுக்கச் சிரிக்க, கைகளை வெறுங்காற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஒருவன், யார் மடியில் யார் என்று கேட்டதற்கு, என் மடியில் என் மருமகள், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்கெதற்கு என்றாராம்.

இதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம் என்று எதிர்பார்ப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓடம் ஏறவில்லை. அவரும் வரவில்லை. சித்திரையில் ஒரு மத்தியானம், அவருடைய நேரமில்லாத நேரத்தில், இருக்கை அமுங்கியது. நாலு மணிக்கும் அப்படியே இருந்தது. போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது கிலோ. சூடு இறங்கிக்கொண்டிருந்தது, வெயில் போன பிறகு உப்புப் பாத்தியில் இறங்குவதுபோல, சிறிது சிறிதாக. தென்கரையில் அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சம்மாள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. சவரிமுத்து மூச்சிரைக்க வந்து சொல்லும்வரை, அரை மணி நேரம், அந்தப் பிரம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் போனாள். நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை என்று காரணம் சொன்னேன். சாவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை என்பது ஊருக்குத் தெரியும். பொழுது சாயும் நேரம் உடலை எடுத்தபோது பிரம்பு ஒரு சின்னச் சத்தத்தோடு மேலே வந்தது.

அஞ்சம்மாள் அதற்குப் பிறகு இருபது வருடம் என்னோடு இருந்தாள். பாயில் உட்கார்ந்தால் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள், நாற்காலியில் உட்கார்ந்தால் கொடுக்கமாட்டாள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவளும் போய்ப் பத்து வருடமாகிறது. தென்கரை நாற்காலியை மச்சான் மனைவி பதினேழு வருடத்துக்கு முன்பே யாரோ பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். ஜோடி சேர்க்க அவன் என்னிடமும் வந்தான், நான் கொடுக்கவில்லை. அது இப்போது எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறதோ, உட்காரக்கூடாது என்று கயிறு கட்டித்தான் வைத்திருக்க வேண்டும். என் பக்கத்துப் பிரம்பு பதினேழு வருடமாக ஒருமுறைகூடத் தானாக அமுங்கவில்லை. இப்போதும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

சிந்தாமணிக்கு முப்பத்தாறு வயதாகிறது. அவளுடைய இடது காதுத் துளை வலது காதுத் துளையைவிட ஒரு நெல் அளவு கீழே இருக்கிறது.